வழிநடை உட்பட

அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுக் காலிங்பெல்லை அடித்த அன்று, யாரோ வெளியாள் என்று நினைத்து நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழம்.

"ஏன் நிக்கிற? தொறந்துகிட்டு வர வேண்டியதுதான?"

"நீ வான்னு சொல்லு, வர்றேன்."

"வாக்கா."

வந்தாள். எங்கள் கேட்டின் தாழ்ப்பாள் ஒரு தினுசானது. கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் தள்ளி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள். தினமும் ஒரு கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு முழங்கையாலேயே அதைத் திறந்து மூடியவள் அக்கா. அந்த வீட்டில்தான் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போன இரண்டரை வருஷத்தைத் தவிர மிச்சக் காலமெல்லாம் அங்கேதான் இருந்தாள்.

அவள் கோபித்துக்கொண்டு அப்படி நின்றாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. நானும் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லை என்றால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அக்கா ஒன்றைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். மறுபடி அதன்மேல் விரலை வைக்க மாட்டாள். கேட்க நல்ல குணம் மாதிரித்தான் இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

நான் ஆறாவது படிக்கும்போது, மழைக்காலம் ஆரம்பித்த அன்று, தன்னுடைய கறுப்புக் குடையை என்னிடம் நீட்டி "இனிமே இது உனுது" என்றாள். அவள் அப்போது ப்ளஸ் டூ. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். குடை கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே கொட்டுகிறது. அக்கா புத்தகத்தையெல்லாம் ஒரு பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"குடை அங்க தொங்குதுல்ல, எடுத்துட்டுப் போயேன்டி" என்று அம்மா கத்தினாள்.

"அது அவனுது."

"அவன்தான் படுத்துக் கெடக்கறானே."

"படுத்துக் கெடந்தாலும் அவனுதுதான்."

நனைந்துகொண்டே போனாள். நான் கட்டிலில் ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துட்டுப் போக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துப் போயிருப்பாள். எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸிலும் இப்படித்தான். சிதம்பரம் மேலவீதியில் ஒரு மெடிக்கலில் பில் போடும் வேலை அவளுக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். முதுநகரில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தாள். அந்தப் பெண் ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டாள். சீட் காலி. அக்கா உட்காரவில்லை.

"யம்மா, எடம் காலியாதான இருக்குது, உக்காரேன்" என்றார் கண்டக்டர்.

"வேற யாருனா உக்காரட்டும்."

வேறு யாரும் ஏறவில்லை. புதுச்சத்திரம் வந்தது, பி.முட்லூர் வந்தது. காலி சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிதம்பரம் வந்து சேர்ந்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அக்காவோடு எங்கே போனாலும் நான் இப்படி நிறைய வெளியே பார்த்திருக்கிறேன்.

வாரி வழங்குகிறவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொடுப்பதற்கு முன்னால் அவளை மாதிரி யோசிக்கிறவளையும் நான் பார்த்ததில்லை. கடையில் தெரிந்தவர்களுக்குக்கூட ஒரு மாத்திரை கடன் தர மாட்டாள். என் மனைவி மல்லிகா வைக்கும் காரக்குழம்பை வாரத்துக்கு ஒருமுறையாவது குறை சொல்வாள். டிவி ரிமோட்டைக் கேட்டால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பாள். ரொம்ப யோசித்துக் கொடுப்பவள் என்பதால்தான் கொடுத்த பிறகு அப்படி ஒரேயடியாகக் கை கழுவினாளோ என்னவோ.

அவள் கல்யாணம் மேல்பட்டாம்பாக்கத்தில். அந்த ஆளுக்கு ஏற்கெனவே வேறொரு குடும்பம் இருந்தது. அது தெரிந்த அன்றைக்கு ஒரே ஒரு பையோடு வந்துவிட்டாள். மாமாவும் அப்பாவும் சீர் சாமான்களைத் திருப்பிக் கொண்டுவர வண்டி பேசிவிட்டார்கள். கட்டில், பீரோ, பெயர் வெட்டின பாத்திரங்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

"எம் பொண்ணுக்குக் குடுத்தன், அவனுக்கா குடுத்தன்?" என்றார் அப்பா.

"எனக்குக் குடுத்தீங்க. நான் அந்த வூட்டுக்குக் குடுத்துட்டன். அவ்ளோதாம்ப்பா."

ரொம்ப வருஷம் கழித்து அந்த ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் சாம்பார் வாளி வந்தது. பக்கவாட்டில் அக்காவின் பெயர் வெட்டியிருந்தது. எந்த வீட்டிலிருந்து யார் இரவல் வாங்கி வந்தார்களோ. நான் அவளை முழங்கையால் இடித்துக் காட்டினேன். "ஆமா" என்றாள். பரிமாறுகிற பையனிடம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

இதையெல்லாம் பார்த்தவன் நான். அதனால்தான் ஒரு மன்னிப்பும் எனக்கு இல்லை.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர் வேலை எனக்கு. கடற்காற்றுக்கு எங்கள் வீட்டுக் கூரைக் கம்பியெல்லாம் துருப்பிடித்து, சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. மழை வந்தால் ஹாலில் நாலு இடத்தில் பக்கெட் வைக்க வேண்டும். லோன் போட்டு கூரையைப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று பேங்க்குக்குப் போனேன். வீடு அப்பா பேரில் இருந்தது. அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. அம்மாவும் போய்விட்டாள். வாரிசுச் சான்றிதழில் இரண்டே பேர், அக்காவும் நானும். அக்காவுக்கு வயதாகிவிட்டதால் சேர்ந்து கடன் வாங்குவது சிக்கல், சொத்து உங்கள் ஒருவர் பேரில் இருந்தால் உடனே முடியும் என்றார் மேனேஜர். அதற்கு விடுதலைப் பத்திரம் போட வேண்டும். தன் பங்கை வேண்டாமென்று எழுதிக் கூடப் பிறந்தவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். எங்கள் பக்கம் அக்கா தங்கைகள்தான் எழுதுவார்கள், அண்ணன் தம்பிகள் வாங்கிக்கொள்வார்கள். எழுதுகிற அன்றைக்கு அவர்களுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அரை வீட்டுக்கு ஒரு புடவை.

அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"ஒரு வாரம் யோசிச்சு சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்த தம்பிக்கு என்ன யோசனை என்று மல்லிகாவிடம் முணுமுணுத்தேன். "அவுங்க யோசிக்கட்டுமே, உங்களுக்கு என்னா அவசரம்?" என்றாள் அவள்.

சரியாக எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "செரி, எழுதிக்குவோம்" என்றாள்.

"சும்மா பேருக்குத்தான்க்கா. நீ எப்பவும்போல இரு."

"பேருக்கு எதுக்குடா எழுதறது? எழுதுனா எழுதறதுதான்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கதவில் தொங்கிய குடையும் சாம்பார் வாளியும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. சிமெண்ட் விலையும் கொத்தனாரும்தான் மண்டைக்குள் இருந்தன.

பத்திரம் எழுதுபவரின் கடை, பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. நல்ல மனிதர். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார். வாசித்தார். தகப்பனார் வகையில் தனக்குப் பாத்தியப்பட்ட பாதி பாகத்தை, கதவு நிலை, மின் இணைப்பு, மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட, தம்பிக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டதாகவும், இனிமேல் அதில் தனக்கு எந்தவித உரிமையும் கிடையாது என்றும் வந்தது.

"வழிநடைன்னா?" என்றாள் அக்கா.

"தெருவுலேர்ந்து வூட்டுக்குள்ள போற வழிம்மா. எல்லாப் பத்திரத்துலயும் வர்றதுதான்."

"அதையும் குடுத்துடறேனா?"

"வூடு குடுத்தா வழியும் சேத்துத்தானம்மா."

அக்கா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க இருந்துக்கலாம்னு இதுல எங்கனா இருக்குதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேணும்னா ஒரு வரி சேத்துடலாம் சார். ஆயுசு வரைக்கும் அவுங்க ஒரு ரூம்ல இருந்துக்கலாம்னு. சில பேர் எழுதறாங்க."

"அதெல்லாம் எதுக்குங்க. பேங்க்ல ஏன் என்னான்னு இழுப்பாங்க. எங்க அக்கா எங்க வூட்ல இருக்கறதுக்குப் பத்திரமா?"

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்கு டோக்கன் நம்பர் எப்போது கூப்பிடுவார்களோ என்று கவலை. வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே கைரேகை மிஷினில் அவள் கட்டைவிரல் விழவில்லை. மாத்திரை அட்டையைக் கிழித்துக் கிழித்து ரேகை தேய்ந்திருந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், ஈரமாக்கி வைத்தாள். "மிஷினுக்குச் சம்மதமில்ல போல" என்றேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நாலாவது தடவை இடதுகையை வைத்ததும் எடுத்துக்கொண்டது. "சம்மதத்தோடதான் எழுதறீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "ஆமாங்க. யோசிச்சுத்தான் எழுதறேன்" என்றாள்.

வெளியே வந்து டீயும் வடையும் சாப்பிட்டோம். புடவைப் பையைக் கொடுத்தேன். பிரித்துக் கரையைப் பார்த்து நல்லாயிருக்கிறது என்றாள். அப்படியே பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது மல்லிகா ஹாலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். "அண்ணி போய்ட்டாங்க. சிதம்பரத்துல கடைக்குப் பின்னால ரூம் எடுத்துருக்காங்களாம். நான் கைய புடிச்சிகிட்டன், விடலயே" என்றாள். அக்காவின் அறையில் போய்ப் பார்த்தேன். துணிப்பெட்டி இல்லை. தலையணை, ஒற்றை அடுப்பு, சின்ன ரேடியோ எதுவும் இல்லை. சுவரில் பதித்த அலமாரியைத் துடைத்துப் புதிய பேப்பர் போட்டுவிட்டுப் போயிருந்தாள். விருந்தாளி தங்கிப் போன லாட்ஜ் அறை மாதிரி இருந்தது.

மறுநாளே போனேன். சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. எழுந்து நின்று கையை மேலே நீட்டினால் படியில் இடிக்கும்.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

"கோவமா?"

"என்னா கோவம்? ஒண்ணும் இல்லடா."

"அப்ப ஏன் வந்த?"

"குடுத்துட்டு அங்கயே உக்காந்திருந்தா குடுக்கலன்னு அர்த்தம்."

"நான் உன்ன போகச் சொன்னனா?"

"நீ எங்க சொன்ன. பத்திரத்துல இருக்குது."

ஏதேதோ கத்தினேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். நாடகமாடுகிறாள் என்றேன், என் மானத்தை வாங்குகிறாள் என்றேன். அவள் அடுப்பைப் பற்றவைத்து எனக்கு உப்புமா கிண்டினாள். தம்பி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அக்காவைத் துரத்திவிட்டான் என்று சொந்தத்தில் பேச்சு பரவியது. மாமா வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் எது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பத்திரம் எழுதுபவரிடமும் போய் நின்றேன். திருப்பி அவள் பேருக்கு எழுத முடியுமா என்று கேட்டேன். லோன் முடிகிறவரை மூலப் பத்திரம் பேங்க்கில் இருக்கும், அப்புறம் எழுதலாம், ஆனால் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமே சார் என்றார். அக்காவிடம் சொன்னேன். "குடுத்தத திருப்பி வாங்கறதுக்கா மிஷின்ல நாலு வாட்டி கைய வச்சேன்?" என்றாள்.

அதற்கப்புறம்தான் காலிங்பெல். பொங்கல், தீபாவளி, என் மகளின் பிறந்தநாள். கேட்டுக்கு வெளியே நிற்பாள். வாக்கா என்றால் வருவாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று மல்லிகாவைக் கேட்பாள். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மல்லிகா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவருவாள். காரக்குழம்பைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. எல்லாம் நல்லாயிருக்கிறது என்பாள். அதுதான் மல்லிகாவுக்குத் தாங்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு தடவைகூடத் தங்கினதில்லை.

லோன் பணத்தில் கூரையைப் போட்டு முடித்ததும், மிச்சத்தில் தெருவை ஒட்டி ஒரு அறை கட்டினேன். தனிக் கதவு, நேராக ரோட்டைப் பார்த்து. கேட்டுக்குள்ளேயே வர வேண்டாம். பெரிய மூளைக்காரன் மாதிரி என்னை நானே மெச்சிக்கொண்டேன். அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பாரு, வழிநடையே இல்ல. ரோட்லேர்ந்து நேரா உள்ள."

சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் முருங்கை மரம் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குடா. வாடகை எவ்ளோ?"

எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. "அக்காகிட்ட வாடகை வாங்கித் தின்றதுக்கு நான் செத்துப்போவலாம்" என்றேன்.

"அப்ப வேணாம்" என்றாள். அவ்வளவுதான். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு மல்லிகா கேட்டாள், "எதுனா ஒரு தொகைய சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவளையே திட்டினேன். திரும்பி வருவதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழியை அக்கா அன்றைக்குச் சொன்னாள். வாடகை கொடுத்தால் வந்து இருக்கலாம், யாரும் வா என்று சொல்லக் காத்திருக்க வேண்டாம். அது எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. அந்த அறையில் மிச்ச சிமெண்ட் மூட்டைகளையும் மகளின் பழைய சைக்கிளையும் போட்டு வைத்தேன்.

போன வருஷம், மெடிக்கலில் பில் போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் தம்பி என்று எழுதினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடி நான்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். பத்திரத்தன்று எடுத்ததோடு சேர்த்து அவளுக்கு நான் எடுத்தது இரண்டாவது புடவை.

"எங்க சார் போகணும்?" என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"வீட்டுக்கு."

பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். வண்டியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வந்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கேட் திறந்தே இருந்தது. மூன்று பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "உள்ள எடுத்துட்டு வரலாமா சார்?" என்று டிரைவர் கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா வழக்கமாகக் கேட்பதுதான். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக அந்தக் கேட்டில் நின்று நான் அவளுக்குச் சொன்ன ஒரே வார்த்தை. வாய் திறந்தது, வரவில்லை. பாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒருவன் முணுமுணுத்தான்.

உள்ளேயிருந்து மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள்.

தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியூர்க்காரர்கள் வர வேண்டியிருந்ததால் மறுநாள் எடுப்பது என்று முடிவாயிற்று. பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அக்கா அந்த வீட்டில் தங்கியது அந்த ஒரு ராத்திரிதான்.